கூலியில் வைத்த திரி

“தொழிலாளியிடத்திலே ஊக்கம் இல்லை!”

புதிய புலம்பல் இது. விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும், குளிரூட்டிய கூடங்களிலே, குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருக்கும் கனவான்கள் நடுவே இந்தப் புலம்பல் எழுகிறது. ஆள் கிடைப்பதில்லையாம், கிடைத்த ஆள் நிலைப்பதில்லையாம், நிலைத்த ஆள் நெஞ்சார உழைப்பதில்லையாம். என்ன செய்யலாம்? உளவியல் கற்றவரை அழைக்கலாம்! அழைக்கிறார்கள். அவரும் வருகிறார். கழுகின் கதை சொல்கிறார். சிங்கத்தின் கதை சொல்கிறார். திரையிலே வண்ண வண்ண முக்கோணங்களைக் காட்டுகிறார். “பணியாளரின் உள்ளத்தைத் தொடுங்கள்; அவர் உங்களுக்காக உயிரையும் கொடுப்பார்” என்று முத்தாய்ப்பு வைக்கிறார். கைதட்டல் கூரையைத் தொடுகிறது.

உயிரையும் கொடுப்பார்! பேச்சாளர் அதனை அணிக்காகச் சொன்னார். சிவகாசி வட்டாரத்திலே அது அணி அன்று, தோழர்களே, ஆண்டுக் கணக்கு!

ஊக்கம் இல்லையென்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? விடியுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளைக்குத் தலைவாரி, தூக்குவாளியிலே சோறெடுத்துக்கொண்டு, ஆலை வண்டிக்காக ஊர் முகப்பிலே நிற்கிறார்களே பெண்கள் — வெம்பக்கோட்டைப் பக்கமும் ஏழாயிரம்பண்ணைப் பக்கமும் சாத்தூர்ப் பக்கமும் நாள்தோறும் காணும் காட்சி — அவர்களைப் பார்த்தா? கரிசல் பூமி அது. வானம் பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. வயிறு மட்டும் பொய்ப்பதில்லை. அந்த வயிற்றைக் காட்டிலும் பெரிய ஊக்கப் பேச்சாளரை எந்தச் சீமையிலிருந்து கொண்டுவரப் போகிறார்கள்?

நான் சொல்ல வந்தது இதுதான்: நம் பட்டாசு ஆலைகளிலே ஊக்கம் குறைவாக இல்லை. இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கிறது! இருக்கக்கூடாத இடத்திலே இருக்கிறது! அந்த ஊக்கத்தை உண்டாக்குகின்ற கருவி எது என்று பார்த்தால், பேச்சும் அன்று, பாராட்டும் அன்று. கூலி தரும் முறை.

உருப்படிக் கூலி. ஆலை வழக்கிலே ‘பீஸ் ரேட்’. நாளுக்கு இவ்வளவு என்றில்லை. செய்து முடித்த எண்ணிக்கைக்கு இவ்வளவு. தீப்பெட்டித் தொழிலிலே குரோசுக் கணக்கு — ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. பட்டாசிலே குழாய் உருட்டினால் ஒரு கணக்கு, திரி வைத்தால் ஒரு கணக்கு, சரம் பின்னினால் ஒரு கணக்கு, மருந்து செலுத்தினால் ஒரு கணக்கு. மருந்து என்று இங்கே சொல்வது நோய் தீர்க்கும் மருந்தை அன்று. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த வெடிமருந்தை! எந்த வேலையிலே ஒரு நொடி நிதானித்தால் உயிர் பிழைக்குமோ அந்த வேலைக்கும், எந்த வேலையிலே அவசரப்பட்டால் காகிதம் மட்டும் கிழியுமோ அந்த வேலைக்கும், கூலி அளக்கும் மரக்கால் பெரும்பாலும் ஒன்றே.

மருந்து அறைக்கென ஓர் ஒழுங்கு உண்டு. உள்ளே நுழையுமுன் உடலில் தங்கிய நிலைமின்சாரம் இறங்கிப்போக, வாயிலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட வேண்டும். பருத்தியாடை உடுத்தியிருக்க வேண்டும். மருந்துத் தட்டை இழுக்கக் கூடாது. தூக்கி வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தட்டக் கூடாது, தவறவிடக் கூடாது. வெயில் ஏறுமுன் கலவை வேலை முடிய வேண்டும். அன்றன்றைய தேவைக்கு மட்டுமே கலக்க வேண்டும். மீந்த மருந்தை இரவு தங்க வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அலுமினியக் கலவை தானே சூடேறும். செய்து முடித்த சரக்கை அறையிலே குவித்து வைக்காமல் உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும். அறைக்கு நால்வருக்கு மேல் ஆகாது.

நல்ல ஒழுங்கு. அறிவு வகுத்த ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் பின்னாலே எத்தனையோ சாவு கற்றுக்கொடுத்த பாடம் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி! தகட்டைத் தொடச் செலவாகும் நொடிக்குக் கூலி உண்டா? தட்டைத் தூக்கி மெல்ல வைக்கும் நொடிக்குக் கூலி உண்டா? செய்த சரக்கை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் நடைக்குக் கூலி உண்டா? இல்லை! எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒழுங்கைக் காப்பவள் ஒவ்வொரு முறையும் தன் கூலியிலே ஒரு துளியை இழக்கிறாள். ஒழுங்கை மீறுபவள் ஒவ்வொரு முறையும் ஒரு துளி கூடுதலாகப் பெறுகிறாள். காப்பவளுக்குத் தண்டம், மீறுபவளுக்குப் பரிசு! சுவரிலே “பாதுகாப்பே முதன்மை” என்று எழுதி வைத்துவிட்டுக் கூலிச் சீட்டிலே “வேகமே முதன்மை” என்று எழுதினால், எழுத்தறியாத கிழவியும் எதைப் படிப்பாள்?

ஆவணி பிறந்துவிட்டால் இந்தப் பேச்சு நடக்கும்:

“அண்ணாச்சி, இந்த அறையிலே ஏற்கெனவே நாலு பேர் இருக்கோமே!”

“தீபாவளி நெருங்குது தாயி, கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க. ஒங்களுக்குத்தானே ரெண்டு காசு கூடக் கெடைக்கும்?”

‘ஒங்களுக்குத்தானே!’ பணியாளரை ஊக்குவிக்கும் உளவியல் முழுவதும் அந்த ஒரு சொல்லிலே அடங்கியிருக்கிறது. கட்டளை இடவில்லை, கசையடி இல்லை, கன்னத்தில் அறையவில்லை. அவளுடைய ஆசையைக்கொண்டே அவளை ஐந்தாம் ஆளாக அமர்த்தியாயிற்று. நாளை வெடித்தால் என்ன சொல்வார்கள்? “தொழிலாளியின் கவனக்குறைவு!”

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலே ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. ஓடிப்போய் உதவ முனைந்தவர்களும் அதிலே மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்திலே இருபதுக்கு மேற்பட்டோர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டியிலே மாண்டவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்கள் மாறுகின்றன. விசாரணைச் சொற்கள் மாறுவதில்லை. உராய்வு, அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு மீறிய ஆள், மரத்தடியிலே வேலை, உள்குத்தகை! இந்தச் சொற்களை உதிரி உதிரியாகப் படித்தால் பல குற்றங்கள்போலத் தோன்றும். சேர்த்துப் படியுங்கள்; எல்லாவற்றையும் கோத்திருக்கும் கயிற்றின் பெயர் அவசரம்.

உள்குத்தகை என்பதை மட்டும் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ பலர் கையில். அச்சன்குளத்து ஆலை அப்படித்தான் பலருக்குப் பிரித்து விடப்பட்டிருந்தது என்பது விசாரணையிலே வெளிவந்தது; பசுமைத் தீர்ப்பாயம் மாண்டவர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் தரவேண்டுமென ஆணையிட்ட வழக்கு அது. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். அவர் போர்மேனை முடுக்குகிறார். போர்மேன் பெண்களை முடுக்குகிறார். பெண்களை முடுக்க ஒருவரும் வேண்டியதில்லை, கூலியே முடுக்குகிறது. இதற்கு மேல் வேலை நாட்களே சுருங்கிப்போகின்றன. 2018 அக்டோபரிலே உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடுத்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே இடமளித்தபின், ஆலைகள் மாதக் கணக்கிலே மூடிக் கிடந்தன. காற்றைக் காக்கும் தீர்ப்பு. அதிலே நமக்கு வழக்கில்லை. ஆனால் மூடிய மாதங்களின் பட்டினியை யார் சுமந்தார்? திறந்த மாதங்களின் வேகத்திலே அதை யார் ஈடுகட்டினார்? அறைக்குள் அமர்ந்திருந்தவள்தான்.

இந்தக் கணக்கு சிவகாசியிலே பிறந்ததன்று. அமெரிக்காவிலே பிரெடரிக் டெய்லர் என்றொரு பொறியாளர். 1899இல் பெத்லகேம் இரும்பாலையிலே வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமக்கும் ஆட்களை அளந்தார், நிறுத்தினார், நொடிக் கடிகாரம் பிடித்தார். நாளொன்றுக்கு 12½ டன் சுமந்தவனை 47½ டன் சுமக்க வைத்ததாக 1911இல் எழுதினார். கூலி? 1 டாலர் 15 காசிலிருந்து 1 டாலர் 85 காசு. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கை ஒட்டி. இதற்குப் பெயர் அறிவியல் மேலாண்மை! அந்த வேலைக்குத் தக்கவன் அறிவிலே எருதை ஒத்திருக்க வேண்டுமென்றும் அந்தப் பெருமகனார் எழுதி வைத்தார். ஒளிக்காமல் சொன்னாரே, அந்த மட்டும் நேர்மை! நம்மூர்க் கூடத்திலே பேசுவோர் எருதைக் கழுகாக்கிவிட்டனர். நுகம் மட்டும் அதே நுகம்.

டெய்லருக்குப் பின் வந்தவர்கள் நயமாகப் பேசினர். சிகாகோவை அடுத்த ஹாதார்ன் என்னுமிடத்துத் தொலைபேசிக் கருவி ஆலையிலே 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளைச் சொல்லாத மேலாண்மை நூலே இல்லை. ஐந்தாறு பெண்களைத் தனியறையிலே அமர்த்தி, ஓய்வு கொடுத்து, கனிவாகப் பேசியதும் அவர்கள் முன்னிலும் மிகுதியாகச் செய்தனர். ஆகவே மனிதன் கூலிக்கு அன்று, கவனிப்புக்கே உழைக்கிறான் என்று எல்டன் மேயோ போன்றோர் விளக்கினர். மேடைகளிலே இந்தக் கதை இனிக்கிறது. ஆனால் அதே சோதனையிலே, மிகுதியாகப் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்கள் வெளியேற்றப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டதை மேடையிலே சொல்வதில்லை. அதே ஆலையிலே மற்றோர் அறையில் கம்பி இணைக்கும் ஆண்கள், ஓர் எல்லைக்கு மேல் வேண்டுமென்றே செய்யாமல் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்ததையும் சொல்வதில்லை. ஏன் நிறுத்தினார்கள்? மிகுதியாகச் செய்து காட்டினால் உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம்! முட்டாள்களா அவர்கள்? ஊக்கமற்றவர்களா? கணக்குத் தெரிந்தவர்கள்! பின்னர் அந்த நிறுவனம் 1936இல் ஆலோசகர்களை அமர்த்திற்று. தொழிலாளியின் மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்பது அவர்கள் வேலை. தீர்த்து வைப்பதோ? அது அவர்கள் வேலையன்று! அழுகைக்கு ஆள் வைத்தார்கள். அடிக்குக் கட்டுப்போட ஆள் வைக்கவில்லை.

தீப்பெட்டி என்றதும் இலண்டன் நினைவுக்கு வருகிறது. 1888இல் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலை. பேசினால் அபராதம், காலில் அழுக்கு இருந்தால் அபராதம், வேலைப் பலகை ஒழுங்கின்றிக் கிடந்தால் அபராதம். பிரதமர் கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைக்க ஆசைப்பட்ட முதலாளி, பெண்களின் கூலியிலேயே ஆளுக்கு ஒரு ஷில்லிங் பிடித்தாராம்! இதையெல்லாம் எழுதி வெளியிட்டவர் அன்னி பெசண்ட் — ஆம், பின்னாளிலே அடையாற்றில் அமர்ந்து பிரம்ம ஞானம் பேசிய அதே அம்மையார்தான். பகுத்தறிவோடு இருந்த காலத்திலே அம்மையார் பயனுள்ள பணிகள் சில செய்திருக்கிறார்; மறைப்பானேன்? அந்தக் கட்டுரை பொய், நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று எழுதிய தாளிலே கையெழுத்திடுமாறு முதலாளி பெண்களை வற்புறுத்தினார். அவர்கள் மறுத்தனர். ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். அபராதம் ஒழிந்தது. அதுவரை, “எங்கள் பெண்கள் ஊக்கத்தோடு உழைக்கிறார்கள்” என்றுதான் அந்த முதலாளியும் நம்பியிருப்பார்.

அபராதம் நம் ஆலைகளிலே அந்தப் பெயரில் இல்லாமற்போகலாம். வேறு பல பெயர்கள் இருக்கின்றன. ‘அட்வான்ஸ்’ என்பது ஒரு பெயர். மகளின் சடங்குக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணம் வாங்கியவள், அது தீரும்வரை வேறு ஆலைக்குப் போகமுடியாது, முணுமுணுக்கவும் முடியாது. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பது இன்னொன்று. அழகிய சொல்! குடும்பமென்றால் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போதும் குடும்பமாக இருக்க வேண்டாமா? இலாபத்தைப் பிரிக்கையிலே முதலாளி, இழவு வீட்டுக்கு வருகையிலே பெரியப்பாவா? தீபாவளிப் போனசைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டம் 8.33 விழுக்காடு என்று குறைந்தபட்சம் வகுத்து, உரிமையென்று கொடுத்தது அது. அதையே இனிப்புப் பெட்டியோடும் எவர்சில்வர் பாத்திரத்தோடும் சேர்த்து, வரிசையிலே நிறுத்தி, வணங்கி வாங்கும் வரமாக மாற்றிவிட்டார்கள். உரிமையை வரமாக்கினால், பெறுபவர் கேட்கத் தெரியாதவராக மாறுகிறார். அதுதானே வேண்டும்!

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருவி. காசு செலவில்லாத கருவி. விதி! ஆலை திறக்கும் நாளிலே பூசை. ஆயுதபூசை நாளிலே மீண்டும் பூசை. அறைக்கு அறை சந்தனம், குங்குமம், வாயிலிலே பூசணிக்காய். பூசணிக்காயை உடைத்த கையோடு சட்டத்தையும் உடைக்கிறார்கள். வெடித்துவிட்டாலோ, “அவள் தலையெழுத்து அவ்வளவுதான், நாள் முடிந்துவிட்டது” என்று ஊரே சொல்கிறது. மாண்டவளின் தாயும் அதையே சொல்லி அழுகிறாள். நான் அந்தத் தாயைக் குறை சொல்லமாட்டேன்; அவளுக்கு வேறு ஆறுதலை நாம் கொடுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் விதியென்று சொன்ன அந்தக் கணத்திலேயே காரணம் தேடும் கண் மூடிக்கொள்கிறது. நாலு பேர் அறையிலே ஐந்தாம் ஆளை அமர்த்திய கை தப்பித்துக்கொள்கிறது. நரகாசுரனை அழித்த நாளென்று நாடெல்லாம் வெடிக்கும் பண்டிகைக்காக, ஆண்டுதோறும் கரிசல் காட்டிலே யார் அழிகிறார்கள் என்று எந்தப் புராணிகனும் கதை சொல்வதில்லை.

நான் ஆசிரியன். என் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். எங்கோ தொலைவில் ‘டம்’ என்று ஓர் ஓசை கேட்டால் போதும், பாடம் நிற்கும். அத்தனை தலைகளும் சன்னலை நோக்கித் திரும்பும். வெறும் வேடிக்கைக்காக அன்று; ஓசை வந்த திசை எது, புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்க்க. தன் தாய் வேலை செய்யும் ஆலை அந்தத் திசையில் இல்லையென்று கண்ட பிள்ளை மீண்டும் புத்தகத்தைப் பார்க்கும். அந்தத் திசையில் இருக்கிறதென்று கண்ட பிள்ளை பையை எடுக்கும். நான் தடுப்பதில்லை. வேதியியல் அட்டவணையைப் படிக்குமுன்பே ‘மணிமருந்து’ என்றால் என்ன, அது எப்படிப்பட்டது என்று அறிந்த பிள்ளைகள் இவர்கள். இவர்கள் வகுப்பிலே இருப்பதே ஒரு போராட்டத்தின் பயன். பிஞ்சு விரல்தான் தீக்குச்சி அடுக்கத் தோதானது, பிள்ளைகள் ஆர்வத்தோடு செய்கிறார்கள் என்று ஒரு காலத்திலே பேசினார்கள். அதுவும் ஊக்கத்தின் உளவியல்தான்! 1986இலே சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கிலே, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டவேண்டுமென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘ஆர்வத்தோடு’ அடுக்கிய பிள்ளைகள், வழி திறந்ததும் பள்ளிக்கு ஓடிவந்தனர். அன்று பிள்ளையின் விரலைப் புகழ்ந்த வாய்தான் இன்று பெண்ணின் பொறுமையைப் புகழ்கிறது.

கூடத்திலே காட்டப்படும் முக்கோணத்துக்கு வருவோம். ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943இல் சொன்ன படிகள் அவை. முதற்படி பசி, இரண்டாம் படி பாதுகாப்பு, பிறகு உறவு, மதிப்பு, தன்னாற்றலின் மலர்ச்சி. (முக்கோணத்தை அவர் வரையவில்லை, பின்வந்தவர்கள் வரைந்தது. விற்பனைக்கு வடிவம் வேண்டாமா!) நம் பேச்சாளர் நேரே நான்காம் படியிலே ஏறி நின்றுகொண்டு, “மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று படம் மாட்டுங்கள்” என்கிறார். ஐயா, இரண்டாம் படி உடைந்து கிடக்கிறதே! கூரை பறந்துபோகும் அறைச் சுவரிலே படத்தை எங்கே மாட்டுவது? 1959இல் ஹெர்ஸ்பெர்க் என்பவர் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார்: கூலி உயர்வு மனநிறைவைத் தராது, பொறுப்பும் பாராட்டுமே தரும் என்று. அவர் கேட்டறிந்தது யாரிடம்? பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும். வயிறு நிறைந்தவனிடம் கேட்டு எழுதியதைக் கூழுக்கு நிற்பவளிடம் படித்துக் காட்டுவது அறிவியலாகாது.

“உருப்படிக் கூலியை நாங்கள் திணிக்கவில்லை, தொழிலாளர்களே விரும்பிக் கேட்கிறார்கள்” என்பது முதலாளிகளின் மறுமொழி. இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உண்மை இருக்கிறது. விரைந்து முடித்துவிட்டு நண்பகலுக்கு மேல் வீடு திரும்பலாம், பிள்ளையைப் பார்க்கலாம், ஆட்டை அவிழ்க்கலாம் என்பதற்காகவே இம்முறையை விரும்பும் பெண்கள் பலர். கைவேகம் உள்ளவள் நாட்கூலியைக் காட்டிலும் கூடுதலாகவே பெறுகிறாள். அதனாலேயே இது கொடிது என்கிறேன்! தன் காலுக்கான விலங்கைத் தானே விரும்பிக் கேட்கும்படி செய்வதல்லவா திறமை! நாட்கூலி வாழப் போதுமானதாக இருந்தால், வேலை நேரம் எல்லையுடையதாக இருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலே ஓர் ஏற்பாடு இருந்தால், அவள் எதை விரும்புவாள் என்று கேட்டுப் பார்த்தார்களா? பட்டினிக்கும் வேகத்துக்கும் இடையிலே ஒன்றைத் தேர்ந்தெடு என்று நிறுத்திவிட்டு, “அவளே தேர்ந்தெடுத்தாள்” என்பது நியாயமன்று.

உண்மையான ஊக்கம் எது என்பதற்குச் சிகாகோவுக்குப் போகவேண்டியதில்லை. 1922 வாக்கிலே சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். மொழி தெரியாத ஊர். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்று, திரும்பி வந்து, 1923இலே இங்கே தொடங்கினர். அவர்களை ஊக்குவித்த பேச்சாளர் யார்? ஒருவருமில்லை! கற்பது தங்கள் அறிவு, செய்வது தங்கள் முடிவு, விளைவது தங்கள் பயன் — அதுதான் ஊக்கியது. அதற்கும் முன்னே 1899ஐ நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள் வரும் உரிமை உனக்கில்லை, பிறப்பால் வந்த விதி அது என்றபோது, விதியை ஏற்க மறுத்து, கலவரத்தின் நெருப்பையும் தாங்கி நின்ற ஊர் இந்தச் சிவகாசி. மறுத்தவர் வழியிலே வந்தோர், இன்று தங்கள் ஆலைப் பெண்ணைப் பார்த்து ‘விதி’ என்பது எப்படிப் பொருந்தும்?

வள்ளுவர் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். எங்கே வைத்தார்? பொருட்பாலிலே, அரசியலிலே! ஆளுகிறவனுக்குத் தேவையான குணமாக அதைச் சொன்னார். நம்மவர்கள் அதனை ஆளப்படுகிறவளின் குறையாக மாற்றிவிட்டார்கள். ஊக்கம் இல்லையென்ற குற்றச்சாட்டை எழுப்ப வேண்டுமானால், விதி மீறிய அறையைப் பூட்ட ஊக்கமில்லாத ஆய்வாளர்மீதும், உள்குத்தகையைத் தடுக்க ஊக்கமில்லாத உரிமக்காரர்மீதும் எழுப்புங்கள். நாம் கேட்கச் செவி கொடுப்போம்.

வேண்டுவன சில. முதலாவது, மருந்தைத் தொடும் எந்த வேலைக்கும் — கலப்பதற்கும், செலுத்துவதற்கும், மணிமருந்து காயவைப்பதற்கும் — உருப்படிக் கூலி அறவே கூடாது. நாட்கூலி, அதுவும், இன்று கைவேகமுள்ளவள் பெறுவதற்குக் குறையாத நாட்கூலி. காகித வேலைக்கு வேண்டுமானால் அவர்கள் கணக்கை வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டையைப் பிறகு போடலாம். அடுத்தது, “இந்த அறையிலே ஐந்தாம் ஆளாக அமரமாட்டேன்” என்று சொல்லும் பெண்ணுக்கு அன்றைய கூலி முழுமையாகக் கிடைக்க வேண்டும். மறுநாள் வண்டியிலே இடமும் கிடைக்க வேண்டும். இது புதுமையன்று. தனக்கு உடனடிப் பேராபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1981இலேயே உடன்படிக்கை வகுத்தது. 1984இல் போபால் நச்சுக்காற்று ஆயிரக் கணக்கானோரைக் கொன்றபின், 1987இல் நம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான தொழில்களிலே பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்கும் இடம் என்று எழுதினார்கள். எழுத்திலே இருந்த அந்த இடத்திலே, மருந்து செலுத்தும் பெண்கள் தேர்ந்தெடுத்த பெண்கள் அமர்ந்து நம் வட்டாரத்திலே கண்டவர் யார்? தொழிலாளி என்ற பெயரே மாறி, அவர் பங்காளியாக வேண்டுமென்று பெரியார் வலியுறுத்தினார். இலாபத்திலே பங்கு கேட்டால் பதறுவார்கள் என்பது தெரியும். அறைக்குள் எத்தனை பேர் அமர்வது என்ற முடிவிலே பங்கு கேட்கிறோம், அதற்குமா பதற்றம்?

இளைஞர்களுக்கு ஒரு வேலை உண்டு. 1931இலே சுயமரியாதை மாநாடு கூடிய விருதுநகர் இது. மேடை நமக்குப் பழக்கம். மேடையைச் சற்றே விட்டிறங்கி, ஆலை வண்டி வந்து நிற்கும் ஊர் முகப்புகளுக்கு மாலையிலே செல்லுங்கள். “உங்கள் அறையிலே எத்தனை பேர்? உரிமம் யார் பெயரில்? இன்று எத்தனைக்குக் கூலி?” — மூன்றே கேள்விகள். பெயரைக் கேட்காதீர்கள்; முன்பணம் வாங்கியவர் அஞ்சுவார். விடைகளை ஊர் ஊராகக் குறித்து வாருங்கள். ஒரு தீபாவளிப் பருவம் முழுவதும் குறித்தால், எந்தச் சோதிடனும் சொல்லமுடியாத ஒன்றை நாம் முன்கூட்டியே சொல்லலாம்: அடுத்த ‘விதி’ எந்தத் திசையிலே வேலை செய்யப்போகிறது என்பதை. மாவட்ட ஆட்சியரின் மேசைமீது அந்தக் குறிப்பை வைக்கலாம் — சாவுக்குப் பின்னல்ல, முன்னே.

ஊக்கக் கூட்டம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கத்தான் போகிறீர்கள். அச்சகமும் சிவகாசியிலேதான் இருக்கிறது. அந்த அழைப்பிதழிலே, கழுகுக் கதைக்காரரின் பெயருக்கு மேலே, மருந்து செலுத்தும் ஒரு பெண்ணின் பெயரை அச்சிடுங்கள். மேடையிலே ஒரு நாற்காலி போடுங்கள். எதனால் வேகம், எதனால் அச்சம், எதனால் மௌனம் என்று அவரே சொல்லட்டும். அன்றைய கூலியை மட்டும் பிடித்தம் செய்துவிடாதீர்கள்.